தேறுதல்

காவேரிப்பட்டணம் மாம்பழக் கூழ் ஆலையில்
எனக்கு வேலை, பழத்தைச் சந்தேகிப்பது.
லாரிக்கு ஒரு கூடை இறக்கி
கூடைக்கு மூன்று பழம் அறுத்து
கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு
வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால்
இனிப்பு எவ்வளவென்று ஒரு நீலக்கோடு சொல்லும்.
பதினாலுக்குக் கீழே என்றால் லாரி திரும்பிப் போகும்.
கல் வைத்துப் பழுத்ததைத் தோலில் பிடிக்க முடியாது,
நல்ல பழத்தைவிட அது மஞ்சள்.
கொட்டைக்குப் பக்கத்தில்தான் குட்டு உடையும்.

இரவில் இறையியல்.
அஞ்சல்வழிப் பட்டயம், மூன்று வருடம்.
ஓசூரிலிருந்து பழுப்பு உறையில் பாடம் வரும்.
நாற்பத்து மூன்று வயதில்
மகளின் ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து
திரித்துவத்துக்கு முக்கோணம் போட்டேன்.
உள்ளே கடவுள் என்று எழுத
இடம் போதவில்லை.

கிரேக்கத்தில் ஒரு சொல், தெலெயோஸ்.
பூரணம் என்றது ஒரு அகராதி,
முற்றியது என்றது இன்னொன்று.
எனக்கு முன்னால் அந்தப் புத்தகத்தை வைத்திருந்த யாரோ
ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்:
தேறினவன்.

துன்பமும் கடவுளும் என்ற தாளில்
எனக்கு எழுபத்தெட்டு.
அவர் ஏன் அனுமதிக்கிறார் என்பதற்கு
நான்கு காரணம், நான்காவதில் உட்பிரிவு இரண்டு,
சிவப்பில் அடிக்கோடு.
போதகரிடம் அதைக் காட்டினேன்,
காட்டாத மாதிரி.
புதன்கிழமைக் கூட்டத்தில் என் ஜெபம் நீண்டது.
உன்னதமானவரே என்று ஆரம்பித்தால்
வினைச்சொல் வந்து சேர வெகுநேரம் ஆகும்.
கண்மூடிய முகங்களில் ஒன்று கொட்டாவி விட்டதை
ஒரு கண் திறந்து பார்த்துக்கொண்டேன்.

ஜூன் மாதம்
எதிர்த் தொட்டியில் பழம் கழுவும் முனிரத்னாவின் மகன்
பர்கூர் பக்கம் கைவிட்ட கிரானைட் குழியில்
தேங்கிய தண்ணீரில்.
பதினாறு வயது. நீச்சல் தெரிந்தவன்.

போனேன்.
நான்கு காரணங்களையும் கூட்டிக்கொண்டு போனேன்.
பாயில் அவளை ஒட்டி உட்கார்ந்து
முதலாவதை ஆரம்பித்தேன்.
என் குரல் எனக்கே நன்றாக இருந்தது.
அவள் திரும்பிப் பார்த்தாள்.
கோபமில்லை.
லாரியை நான் பார்க்கிற பார்வை அது.
"சீலிக்கா,
பந்தல்ல குடிக்கத் தண்ணி இல்ல.
ஒரு கொடம் எடுத்தாறியா?"

தெருக்கோடியில் அடிபம்பு.
அடித்தேன். முதலில் காற்று இருமியது,
அப்புறம் துரு,
வெகுநேரம் கழித்துத் தண்ணீர்.
ஏழு குடம்.
எட்டாவதில் யாரோ கை மாற்றிக்கொண்டார்கள்,
முகம் பார்க்கவில்லை.
அன்று ராத்திரி ஜெபிக்காமலே படுத்துவிட்டேன்.
தோள் வலித்தது.
வாய் சும்மா இருந்தது.

காரியம் முடிந்து அவள் வேலைக்கு வந்தாள்.
மத்தியானம் டப்பாவைத் திறந்து
என் பக்கம் தள்ளினாள். களி, முருங்கைக்கீரை.
பேசாமல் சாப்பிட்டோம்.
மறுநாளும். அதற்கு மறுநாளும்.
பெங்களூரா முடிந்து
நீலம் வர ஆரம்பித்திருந்த ஒரு நாள் கேட்டாள்:
"ஒங்க சாமிக்கும் பையன் செத்தான் இல்ல?"
"ஆமா."
"அந்தப் பையனுக்கு அம்மா இருந்துச்சா?"
"இருந்தாங்க."
"அது என்னா பண்ணுச்சு அப்போ?"

என் பாடப்புத்தகம்
அந்த இடத்தை ஒரே வரியில் கடந்திருந்தது.
"நின்னுக்கிட்டு இருந்தாங்க" என்றேன்.
"கிட்டவே நின்னாங்க."

முனிரத்னா கொஞ்ச நேரம்
களியை உருட்டிக்கொண்டே இருந்தாள்.
பிறகு விழுங்கினாள்.

போன வாரம் பழுப்பு உறை வந்தது.
கிரேக்கத்தில் முப்பத்தெட்டு.
தேறவில்லை.
மார்ச்சில் மறுபடி எழுதலாமாம், கட்டணம் தனி.
சிரித்துவிட்டேன். அப்புறம்
கொஞ்சம் அழுகையும் வந்தது, பொய் சொல்லக் கூடாது.
சீட்டை அந்தப் பென்சில் எழுத்துக்குப் பக்கத்தில்
செருகி வைத்திருக்கிறேன்.

காலையில் முதல் லாரி.
போச்சம்பள்ளிக்காரர், அவசரக்காரர்,
கீழே குதிக்கும்போதே கேட்கிறார்:
"எவ்ளோ தேறும்மா?"

அறுத்தேன்.
ஒரு சொட்டை வானத்துக்கு நேரே பிடித்தேன்.
மேகமாக இருந்தது,
கோடு எங்கே நிற்கிறதென்று தெரியவில்லை.
"இருங்கண்ணா" என்றேன்,
"வெளிச்சம் வரட்டும்."